விளையாட்டுச் செய்தியாளருக்கு நிலையான பதவி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில் சர்வதேச துடுப்பாட்ட (கிரிக்கெட்) மைதானம் அமைக்கும் பணிகள் 2025 செப்டெம்பரில் ஆரம்பித்து வைக்கப்பட்டது முதல், அந்த இடம் பொருத்தமானதா, அங்குள்ள சதுப்பு நிலத்துக்கு என்ன நேரும், இவ்வளவு பெரிய செலவு இப்போது வேண்டுமா என்றெல்லாம் எமது மக்கள் விவாதித்து வருகிறார்கள். அவை யாவும் பேசப்பட வேண்டியவையே. ஆனால் இந்த விவாதத்தில் எவரும் எழுப்பாத ஒரு கேள்வி எனக்கு உண்டு. அந்த மைதானத்தில் என்றோ ஒரு நாள் சர்வதேசப் போட்டி நடக்குமாயின், ஊடகவியலாளருக்கான அரங்கில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் சார்பில் யார் உட்காரப் போகிறார்கள்? துடுப்பாட்டத்தையே தொழிலாகக் கொண்டு பத்து, பதினைந்து ஆண்டுகள் எழுதிப் பழுத்த ஒருவர் அப்போது எம்மிடம் இருப்பாரா?

நான் ஆசிரியத் தொழிலில் இருந்துகொண்டே நீண்ட காலம் பகுதிநேர விளையாட்டுச் செய்தியாளராக எழுதியவன். அண்மையில், ஊடகக் கற்கையை முடித்த இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்து, வாழ்நாள் முழுவதும் விளையாட்டுச் செய்தியாளராகவே இருக்க விரும்புவதாகச் சொல்லி, அதற்கு இங்கே வழி இருக்கிறதா என்று கேட்டார். அந்தப் பிள்ளையின் ஆர்வத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை. விளையாட்டுப் பக்கத்தில் வேலைக்குச் சேரலாம், ஆனால் அதே பக்கத்தில் இருந்துகொண்டு குடும்பம் நடத்தவோ பதவி உயர்வு பெறவோ இன்றைய நிலையில் முடியாது என்று சொன்னேன். அவரிடம் சொன்னதையே சற்று விரிவாகப் பத்திரிகை நடத்துகின்ற உங்களிடமும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எமது பத்திரிகைகளில் விளையாட்டுச் செய்தியாளர் ஒருவர் உருவாகும் முறை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. கழகமொன்றில் விளையாடிய, அல்லது பாடசாலையில் புள்ளிப் பதிவாளராக இருந்த இளைஞர் ஒருவர், தன் ஊரில் நடந்த சுற்றுப்போட்டி பற்றி நான்கு வரி எழுதி அனுப்புகிறார். அது பெயரில்லாமல் பிரசுரமாகிறது. பிறகு அவரே அந்தப் பகுதிக்குரிய செய்தியாளர் ஆகிறார். பிரசுரமாகும் செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில் மாத முடிவில் ஒரு தொகை கிடைக்கிறது. எழுத்து ஓரளவு சுத்தமாக இருந்தால், ஆசிரியபீடத்துக்குள் அழைக்கப்பட்டு இரவுப் பணியில் அமர்த்தப்படுகிறார். அங்கே அவருடைய வேலை மைதானத்துக்குப் போவதன்று. ஐ.பி.எல். போட்டிகளையும் ஐரோப்பிய உதைபந்தாட்ட லீக்குகளையும் பற்றி ஆங்கிலத்தில் வந்து குவியும் செய்திகளைத் தமிழாக்கிப் பக்கத்தை நிரப்புவதே அவருடைய வேலை. ஒப்புநோக்குவதும் படத்துக்கு விளக்கம் எழுதுவதும் அவர் தலையில்தான் விழும். உள்ளூர்ச் செய்தியோ, முன்பு அவர் எழுதியது போல, வேறொரு பகுதிநேரச் செய்தியாளரின் வட்ஸ்அப் வழியாக நான்கு வரியில் வந்து சேர்கிறது.

இரண்டு, மூன்று ஆண்டுகள் இப்படிக் கழியும். அவர் கெட்டிக்காரர் என்பது தெரிந்ததும் நிர்வாகம் அவரை நீதிமன்றச் செய்திக்கோ அரசியல் செய்திக்கோ மாற்றுகிறது. அதைத்தான் பதவி உயர்வு என்கிறார்கள். விளையாட்டுப் பக்கம் புதியவர்கள் கைபழகும் இடமாகவும், கைபழகியவர்கள் விட்டுப் போகும் இடமாகவும் ஆகிவிட்டது. என் முறைப்பாட்டின் மையம் இதுதான். சம்பளம் குறைவு என்பதும், அலைச்சல் அதிகம் என்பதும் எல்லாச் செய்தியாளர்களுக்கும் பொதுவான குறைகள். ஆனால் தன் துறையில் தேர்ச்சி பெற்றதற்காகவே அந்தத் துறையிலிருந்து எடுக்கப்படுவது விளையாட்டுச் செய்தியாளருக்கு மட்டுமே நேர்கிறது. நீதிமன்றச் செய்தியை நன்றாக எழுதுகிறவரை எவரும் விளையாட்டுப் பக்கத்துக்கு உயர்த்துவதில்லை.

விளையாட்டுச் செய்தி எழுதுவதற்கு அப்படி என்ன பெரிய தேர்ச்சி வேண்டும் என்று சிலர் நினைக்கக்கூடும். வடக்கின் பெருஞ்சமரையே எடுத்துக்கொள்வோம். யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 இல் தொடங்கிய இந்தத் துடுப்பாட்டப் போட்டிக்குப் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. எல்லைக்கோட்டைச் சுற்றிக் கொடிகளும் வாத்தியங்களும் கூச்சலுமாக இருக்கும் அந்த மைதானத்தில், செய்தியாளர் தனக்கென ஒரு புள்ளிப் பதிவேட்டை மடியில் வைத்து ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். அன்றைய ஆட்டம் முடிந்ததும் உத்தியோகபூர்வப் பதிவாளரின் ஏட்டோடு தன்னுடையதை ஒப்பிட வேண்டும். பந்துவீச்சாளர்கள் ஒவ்வொருவரும் கொடுத்த ஓட்டங்களைக் கூட்டி, அதனோடு மட்டையில் படாமல் கிடைத்த பை, லெக் பை ஓட்டங்களைச் சேர்த்தால், அணியின் மொத்த எண்ணிக்கை வர வேண்டும். வரவில்லையென்றால், எங்கோ ஒரு வைட் பந்தோ நோ போலோ உதிரிகளில் மட்டும் குறிக்கப்பட்டு, பந்துவீச்சாளரின் கணக்கில் ஏறாமல் விடுபட்டிருக்கும். அதுபோலவே, ரன் அவுட் முறையில் வீழ்ந்த இலக்கை (விக்கெட்டை) பந்துவீச்சாளருக்குக் கொடுத்துவிட்டால், நான்கு இலக்குகள் எடுத்த பையன் மறுநாள் பத்திரிகையில் ஐந்து இலக்குகள் எடுத்தவனாகிவிடுவான். அதுவே பின்னர் சாதனைப் பட்டியலிலும் ஏறிவிடும். இதைச் சரிபார்க்கச் சிறிது நேரமே போதும். ஆனால் சரிபார்க்கத் தெரிந்தவர், பத்திரிகை பக்கம் முடிக்கும் நேரத்துக்குள், மங்கும் வெளிச்சத்தில், மோட்டார் சைக்கிள் இருக்கையில் ஏட்டை வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டும்.

இன்னொரு உதாரணம் கோலூன்றிப் பாய்தல். இந்த நிகழ்ச்சியில் வடக்கின் பிள்ளைகள் இலங்கையின் உச்சிக்கே சென்றிருக்கிறார்கள். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி தந்த அனித்தா ஜெகதீஸ்வரன் பெண்களுக்கான தேசிய சாதனையைப் பல தடவை புதுப்பித்தார். சாவகச்சேரி இந்துக் கல்லூரி தந்த அருந்தவராசா புவிதரன் ஆண்களுக்கான தேசிய சாதனையை நிலைநாட்டினார். இந்தப் போட்டியில் இருவர் ஒரே உயரத்தோடு நின்றுவிட்டால், அந்த இறுதி உயரத்தைத் தாண்டும்போது குறைவாகத் தவறியவர் முன்னிலை பெறுவார். அதுவும் சமமானால், அந்த உயரம் வரைக்குமான மொத்தத் தவறுகள் கணக்கில் எடுக்கப்படும். ஆகவே எந்த உயரத்தில் எந்த முயற்சியில் எவர் தாண்டினார் என்பதைத் தொடக்கத்திலிருந்தே குறித்து வந்தவரால்தான், இரண்டாமிடம் பெற்ற பிள்ளை எங்கே வெற்றியைத் தவறவிட்டது என்று எழுத முடியும். பரிசளிப்பு நேரத்துக்கு வந்து, வெற்றி பெற்றவர்களின் பெயர்களை மட்டும் படமெடுத்துக்கொண்டு போகிறவரால் அது முடியாது. அவரையும் நான் குறை சொல்லவில்லை. ஒரே நாளில் துரையப்பா விளையாட்டரங்கில் மெய்வல்லுநர் போட்டியும், அவரங்காலில் கரப்பந்தாட்டமும், நாவாந்துறையில் உதைபந்தாட்ட இறுதியாட்டமும் இருக்கும்போது, சொந்தப் பெற்றோலில் ஓடுகிற ஒரு தனி மனிதர் எல்லாவற்றுக்கும் பரிசளிப்பு நேரத்தில்தான் போய்ச் சேர முடியும்.

தை பிறந்தால் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள், மாசியிலும் பங்குனியிலும் பெரும் துடுப்பாட்டங்கள், பின்னர் வலயம், மாவட்டம், மாகாணம் என்று பாடசாலைப் போட்டிகள், இவற்றுக்கிடையே கழகங்களின் மின்னொளி உதைபந்தாட்டச் சுற்றுக்கள் என்று வருடம் முழுவதும் மைதானங்கள் ஓய்வதில்லை. வார இறுதியும் விடுமுறையும்தான் விளையாட்டுச் செய்தியாளருக்குக் கடுமையான வேலை நாட்கள். வீட்டில் கல்யாணமோ திவசமோ என்றாலும் அவர் மைதானத்தில்தான் நிற்பார். இந்த உழைப்புக்கு இங்கே வழங்கப்படுவதைச் சம்பளம் என்று அழைக்க எனக்கு மனமில்லை. நான் எழுதிய காலத்தில் ஒரு நிறுவனம், செய்தி பிரசுரமானால் மட்டுமே பணம் தந்தது. மழையால் போட்டி கைவிடப்பட்டாலும், விளம்பரம் வந்து பக்கம் குறைந்தாலும், அன்றைய அலைச்சலுக்கு ஒரு சதமும் இல்லை. நிலைமை இன்றும் பெரிதாக மாறவில்லை என்று இப்போதைய பிள்ளைகள் சொல்கிறார்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் வழங்குநர் 3 வீதமும் செலுத்த வேண்டும் என்பது சட்டம். கடைச் சிப்பந்திக்கும் கிடைக்க வேண்டிய இந்தப் பாதுகாப்பு, பத்து ஆண்டுகள் ஒரே பத்திரிகைக்கு எழுதிய விளையாட்டுச் செய்தியாளருக்கு, அவரிடம் நியமனக் கடிதம் இல்லை என்ற ஒரே காரணத்தால் கிடைப்பதில்லை. அதனால் அவர் வேறொரு தொழிலை வைத்துக்கொண்டே எழுத வேண்டியவராகிறார். பலர் என்னைப் போல ஆசிரியர்கள்; சிலர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள்; சிலர் தனியார் வகுப்பு நடத்துகிறார்கள். அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறவர், அந்தப் பாடசாலையின் அணி தோற்ற போட்டியைப் பற்றி எழுதும்போது, எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் எதிரணியின் பழைய மாணவர்கள் அவரைச் சந்தேகிப்பார்கள். அதிபர் ஒருபுறம் முகம் சுழிப்பார், கழகத் தலைவர் மறுபுறம் தொலைபேசி எடுப்பார். முழுநேரச் செய்தியாளராக இருந்தால், தான் பத்திரிகைக்கு மட்டுமே கடமைப்பட்டவன் என்று அவரால் நிமிர்ந்து சொல்ல முடியும்.

நேர்மையைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது பெரிய போட்டிகள் யாவும் யூடியூப்பிலும் முகநூலிலும் நேரலையாக ஒளிபரப்பாகின்றன. ரொறன்ரோவில் இருக்கும் பழைய மாணவர், கோண்டாவிலில் இருக்கும் எனக்கு முன்பே இலக்கு வீழ்ந்ததை அறிந்துவிடுகிறார். மறுநாள் காலையில் பத்திரிகை வெறும் ஓட்ட எண்ணிக்கையைக் கொடுத்தால் அதை வாங்கிப் படிக்க எவருக்கும் தேவையில்லை. ஏன் அந்த அணி தேநீர் இடைவேளைக்குப் பின் சரிந்தது, ஆடுகளம் எப்படி மாறியது, தலைவர் சுழற்பந்துவீச்சாளரை ஏன் அவ்வளவு தாமதமாக அழைத்தார் என்பவற்றை அறிந்துகொள்வதற்காகத்தான் வாசகர் பத்திரிகையைத் திறக்கிறார். அதை எழுதுவதற்கு ஆட்டத்தை அறிந்தவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத இடத்தைப் பாடசாலைகளும் கழகங்களும் அனுப்பும் ஊடக அறிக்கைகள் நிரப்பிவிடுகின்றன. அந்த அறிக்கைகளில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் எல்லோருடைய பெயர்களும் பட்டங்களோடு இருக்கும். கோல் அடித்த பையனின் பெயர் சில வேளைகளில் இருக்காது. போட்டு அழகு பார்க்க எங்களுக்கு விருந்தினர் படம் வேண்டாம், அந்தப் பையனின் முழுப் பெயரும் படிக்கும் வகுப்பும் வேண்டும் என்று சொல்வதற்கு ஆசிரியபீடத்தில் ஓர் அதிகாரி இருக்க வேண்டும்.

அந்தப் பெயர் ஏன் முக்கியம் என்பதை ஒரு தகப்பனிடமோ தாயிடமோ கேட்டால் தெரியும். பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த துண்டு, சான்றிதழ்களோடு ஒரே கோப்பில் இருக்கும். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்தக் கோப்பு கூடவே போகும். நாவற்குழியிலோ புங்குடுதீவிலோ இருக்கும் ஒரு பிள்ளை, தன்னைத் தன் ஊருக்கு வெளியே உள்ள எவரோ கவனிக்கிறார்கள் என்று முதன்முதலாக உணர்வது தன் பெயர் அச்சில் வரும்போதுதான். யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசெம்பரில் லங்கா பிரீமியர் லீக்கிலும் 2024 மே மாதம் ஐ.பி.எல். தொடரில் ஹைதராபாத் அணிக்காகவும் பந்துவீசியபோது நாட்டின் எல்லா ஊடகங்களும் அவரைக் கொண்டாடின. அதற்கு முன், பாடசாலைப் பருவத்தில் அவரது சுழற்பந்துவீச்சைப் பற்றி எல்லைக்கோட்டில் நின்று எழுதியவர்களில் அநேகர் எமது பகுதிநேரச் செய்தியாளர்களே. அவர்களில் எத்தனை பேர் இன்றும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த ஆதங்கம் அதிகமாகிறது. 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்றபோது அந்த அணிகளில் இருந்தவர். அவுஸ்திரேலியா வரை சென்று விளையாடியவர். அவரைப் பற்றிய செய்திகளில் அவரது உயரத்தைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, பந்தை வாங்கும்போது அவர் கால்களை நிலைப்படுத்தும் விதத்தைப் பற்றியோ, எதிரணியின் இரு காவல் வீராங்கனைகளுக்கிடையே அவர் இடம் பிடிக்கும் நுட்பத்தைப் பற்றியோ தமிழில் எழுதப்படவில்லை. வலைப்பந்தாட்டத்தைத் தெரிந்த, முடிந்தால் அதை விளையாடிய ஒரு பெண் செய்தியாளர் எமது ஆசிரியபீடம் ஒன்றில் இருந்திருந்தால் இந்தக் குறை நேர்ந்திராது. பெண் பிள்ளைகளின் உதைபந்தாட்டமும் கோலூன்றிப் பாய்தலும் வலைப்பந்தாட்டமும் வடக்குக்கு இவ்வளவு பெயர் தேடித் தந்த பின்னரும், விளையாட்டுச் செய்திக்குப் பெண்கள் வருவது அரிதாகவே இருக்கிறது. இரவு பக்கம் முடிந்த பிறகு வீடு போய்ச் சேர வாகனமில்லை என்பது இதற்கு ஒரு பெரிய காரணம். அதைத் தீர்ப்பது ஒரு நிறுவனத்தால் முடியாத காரியம் அல்ல.

விளையாட்டு என்பது மைதானத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் சபை இலங்கை கிரிக்கெட்டை இடைநிறுத்தி, 2024 ஜனவரியில்தான் அத்தடையை நீக்கியது. இவை ஏன் நிகழ்ந்தன என்பதை வாசகருக்கு விளக்க வேண்டுமானால், 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்கு என்ன அதிகாரங்களைக் கொடுக்கிறது, சர்வதேசச் சம்மேளனங்கள் அரசாங்கத் தலையீட்டை ஏன் ஏற்பதில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். ஊக்கமருந்துக்கு எதிரான 2013 ஆம் ஆண்டுச் சட்டமும், ஆட்ட நிர்ணயம் போன்ற குற்றங்களுக்கான 2019 ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். ஏதோ ஒரு மாத்திரையை விழுங்கி இடைநிறுத்தப்படும் பள்ளிப் பிள்ளையின் வீட்டுக்கு அந்தச் சட்டம் தமிழில் எவராலும் விளக்கப்பட்டிருக்காது. அதை விளக்குவதும் விளையாட்டுப் பக்கத்தின் கடமைதான்.

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கான மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் நினைத்தது எமது பாடசாலைகளைத்தான். வெயில் ஏறுவதற்கு முன் ஓட்டம் ஆரம்பிக்கப்படுகிறதா, வழியில் தண்ணீர் வைக்கப்படுகிறதா, ஓடுவதற்கு முன் பிள்ளைகள் வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுகிறார்களா, முதலுதவி அறிந்த ஒருவர் வாகனத்தோடு பின்னால் வருகிறாரா என்பவற்றை ஒவ்வொரு தை மாதமும் கேட்டு எழுத வேண்டியவர் விளையாட்டுச் செய்தியாளர். மைதானம் திருத்த ஒதுக்கிய நிதிக்கு என்னவாயிற்று என்பதும் அப்படிப்பட்ட கேள்விதான். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால், தகவல் தர முடியுமா முடியாதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டிய கடப்பாடு அரச நிறுவனங்களுக்கு உண்டு. அதை எழுதி அனுப்பி, பதிலைப் பின்தொடர்ந்து, கணக்கை வாசித்து எழுதுவதற்குச் செய்திக்கு இவ்வளவு என்று பணம் பெறும் ஒருவருக்கு நேரம் எங்கிருந்து வரும்?

எமது பத்திரிகைத்துறை கடந்து வந்த பாதையை நான் மறந்துவிட்டு எழுதவில்லை. 1981 இல் யாழ். நூலகத்தோடு ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது அச்சுத்தாள் வராமல், கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில்கூடப் பத்திரிகைகள் அச்சாகின. 2006 மே மாதம் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் அங்கிருந்த ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பத்திரிகை நடத்திய அந்தக் காலத்தில் விளையாட்டுக்கு அரைப்பக்கம் கிடைத்ததே பெரிய காரியம். 2022 பொருளாதார நெருக்கடியில் தாள் விலை ஏறிப் பக்கங்கள் குறைந்தபோதும் அதை நாங்கள் பொறுத்துக்கொண்டோம். ஆனால் அந்தக் காலங்களில் தவிர்க்க முடியாமல் வந்த ஒரு வழக்கம், இன்று எவரும் கேள்வி கேட்காத ஒழுங்காக நிலைத்துவிட்டது என்பதே என் கவலை.

இழந்த பழைய பதிவுகளை இன்று தேடுகிறவர்கள் படும் பாட்டை நான் அறிவேன். யாழ். மத்திய கல்லூரியில் படித்து, மாணவராக இருந்தபோதே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பங்குபற்றி, 1958 இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து ஆசிய விளையாட்டு விழாவில் இந்நாட்டின் முதலாவது தங்கப் பதக்கத்தை வென்றவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 2024 இல் அவர் மறைந்தபோது, அவர் எப்படிப் பயின்றார், எந்த மைதானங்களில் எவரோடு போட்டியிட்டார் என்றெல்லாம் விரிவாக எழுதக்கூடியவர்கள் எங்கள் மத்தியில் அருகிப் போயிருந்தார்கள். ஒரு துறையில் இருபது ஆண்டுகள் தொடர்ந்து இருக்கும் செய்தியாளர், தனக்கு முன் இருபது ஆண்டுகள் இருந்தவரிடம் கேட்டறிந்ததையும் சேர்த்து மனத்தில் வைத்திருப்பார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும் பக்கத்தில் அந்தத் தொடர்ச்சி ஏற்படாது. நூலகம் நிறுவனம் பழைய பத்திரிகைகளை எண்ணிம வடிவில் சேமித்து வருவது பெரும் சேவை. ஆயினும், சேமிக்கப்படும் பக்கத்தில் பையனின் பெயர் தவறாக இருந்தால் அந்தத் தவறும் சேர்ந்தே சேமிக்கப்படும்.

ஆகவே நான் கேட்பது பெரிய தொகையோ பெரிய கட்டடமோ அல்ல. ஒவ்வொரு நாளிதழிலும் விளையாட்டு ஆசிரியர் என்று நியமனக் கடிதத்தோடு ஒரு பதவி இருக்க வேண்டும். அவருடைய தரமும் சம்பளமும் செய்தி ஆசிரியருக்கு அடுத்த படியில் இருக்க வேண்டும். அவருக்குக் கீழே ஒருவராவது முழுநேரமாக மைதானத்துக்குப் போகிறவராக இருக்க வேண்டும். அந்த இளையவர் விளையாட்டை விட்டு வெளியேறாமலே, விளையாட்டுக்குள்ளேயே சிரேஷ்ட செய்தியாளராகவும் பின்னர் ஆசிரியராகவும் உயர முடியும் என்பது எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். இது நிறைவேறாமல் மற்ற எதைச் செய்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். பகுதிநேரச் செய்தியாளர்களைப் பொறுத்தவரை, செய்தி பிரசுரமானாலும் ஆகாவிட்டாலும், ஆசிரியபீடம் அனுப்பிய போட்டிக்குப் போக்குவரத்துச் செலவும் நாட்பணமும் கொடுப்பதே குறைந்தபட்ச நியாயம்.

பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களைப் பெருஞ்சமரின் மூன்று நாள்களுக்கும் ஒரு சிரேஷ்ட செய்தியாளரோடு இணைத்து, புள்ளி குறிக்கவும், மத்தியஸ்தரின் தீர்ப்பைச் சரியாக விவரிக்கவும், சிறுவர்களான வீரர்களிடம் பெற்றோரின் அனுமதியோடும் மரியாதையோடும் பேசவும் பழக்கலாம். தோல்வியடைந்த பதினாறு வயதுப் பிள்ளையைப் பற்றி எழுதும்போது எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. அருகில் இருந்து பார்த்துத்தான் பழக வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று நிர்வாகம் கேட்கும் என்பதையும் அறிவேன். பெருஞ்சமர்க் காலத்தில் வாழ்த்து விளம்பரங்களாலும் சிறப்பு மலர்களாலும் பத்திரிகைகளுக்கு வரும் வருமானம் விளையாட்டால் வருவதே. புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் பத்திரிகையின் இணையப் பதிப்பில் முதலில் தேடுவதும் தங்கள் பாடசாலையின் செய்தியைத்தான். விளையாட்டு கொண்டுவரும் அந்த வருமானத்தில் ஒரு பங்கை, விளையாட்டை எழுதுகிறவரின் நியமனத்துக்கு ஒதுக்குவது நியாயமான கோரிக்கை என்றே கருதுகிறேன்.

அடுத்த இல்ல மெய்வல்லுநர் பருவம் தை மாதத்தில் தொடங்கிவிடும். அதற்கு முன் தங்கள் நிறுவனத்தில் இவ்வாறான பதவி ஒன்றை உருவாக்க முடியுமா, முடியாவிட்டால் தடையாக இருப்பது எது என்பதைப் பற்றி ஆசிரியபீடத்தின் பதிலையும் இக்கடிதத்தோடு சேர்த்துப் பிரசுரிக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.